'போய்ப் பிடிடா!' என்று கத்துவதற்கு முன்... கால்பந்தில் எப்போது பாயணும், எப்போது பொறுக்கணும்?

2018 ஜனவரி 14. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் உள்ள ஆன்ஃபீல்டு மைதானம். எதிரணி மான்செஸ்டர் சிட்டி. அந்த சீசனின் பிரீமியர் லீக்கில் அதுவரை ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்காத அணி. கடைசியில் 100 புள்ளிகளோடு கோப்பையைத் தூக்கப்போகிற அணியும் அதுதான். அப்படிப்பட்ட அணிக்கு எதிராக, இரண்டாம் பாதியில் ஒன்பதே நிமிடங்களில் மூன்று கோல் அடித்து 4-1 என்று முன்னால் நின்றது லிவர்பூல்.

அப்போதுதான் லிவர்பூலின் இடது பக்க டிஃபெண்டர் ஆண்டி ராபர்ட்சன் ஓட ஆரம்பித்தார்.

முதலில் பந்து வைத்திருந்த பெர்னார்டோ சில்வாவை நோக்கி. அவர் பந்தைப் பின்னால் கைல் வாக்கருக்குத் தட்டிவிட்டார். வழக்கமாக ஒரு டிஃபெண்டர் அந்த இடத்தில் திரும்பிவிடுவார். ராபர்ட்சன் திரும்பவில்லை. வாக்கரிடம் ஓடினார். பந்து ஜான் ஸ்டோன்ஸிடம் போனது. அங்கும் ஓடினார். அங்கிருந்து கோல்கீப்பர் எடர்சனுக்குப் போனது. அவரையும் விடவில்லை. எடர்சன் பந்தை ஓட்டமெண்டிக்குத் தள்ள, கடைசியாக அவரையும் விரட்டிக்கொண்டு போனார். தன் இடத்தைவிட்டு எதிரணியின் கோல் பக்கம் வரை, ஒற்றை ஆளாக, ஐந்து பேரை! ஒவ்வொரு பாஸுக்கும் ரசிகர்களின் சத்தம் ஒரு படி ஏறிக்கொண்டே போனது. அந்த ஓட்டத்தின் வீடியோவை இன்றும் ரசிகர்கள் தேடிப் பார்க்கிறார்கள்.

பார்க்கப் பார்க்கச் சிலிர்க்கும் ஓட்டம்தான். ஆனால், அது எப்படி முடிந்தது என்று கேட்டால் பலருக்கு நினைவிருக்காது. ஃபவுலில் முடிந்தது. ஓட்டமெண்டியை இடறிவிட்டார் ராபர்ட்சன். பந்து கிடைக்கவில்லை. சிட்டிக்கு ஃப்ரீ கிக்.

அப்படியானால் அந்த ஓட்டம் வீணா? இந்தக் கேள்விக்குள்தான் கால்பந்தின் தடுப்பாட்டத்தில் பாதிப் பாடம் இருக்கிறது.

விரட்டுவதும் நெருக்குவதும் ஒன்றல்ல

பந்து வைத்திருப்பவரை நெருங்கி, நிமிர்ந்து பார்க்கவோ யோசிக்கவோ நேரம் கொடுக்காமல் நெருக்குவதை 'பிரஸ்ஸிங்' என்கிறார்கள். இன்றைய பெரிய அணிகள் எல்லாமே இதை ஏதோ ஓர் அளவில் செய்கின்றன. டிவியில் பார்க்கும்போது, 'யார் அதிகம் ஓடுகிறாரோ அவர் நல்ல டிஃபெண்டர்' என்று தோன்றிவிடும். அது பாதி உண்மைதான்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சர்வதேச ஆட்டங்களுக்கான மைதானம் பெரும்பாலும் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். மொத்தம் 7,140 சதுர மீட்டர். கோல்கீப்பரை விட்டுவிட்டால், ஓர் அணியில் பத்துப் பேர். ஆளுக்கு 714 சதுர மீட்டர். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், மூன்று கிரவுண்டுக்கும் மேல். அவ்வளவு இடத்தை ஓர் ஆளால் காவல் காக்க முடியுமா? எவ்வளவு வேகமாக ஓடினாலும் பந்து அதைவிட வேகமாகப் போகும். பந்துக்கு மூச்சு வாங்காது.

அதனால் பிரஸ்ஸிங் செய்யும் அணி முதலில் இடத்தைச் சுருக்குகிறது. பத்துப் பேரும் ஒருவருக்கொருவர் நெருக்கமாக நகர்ந்து, பந்து இருக்கும் பக்கமாகத் திரள்கிறார்கள். இத்தாலியின் ஏ.சி.மிலான் அணிக்கு 1987-ல் பயிற்சியாளராக வந்த அரிகோ சாக்கி இதில் கெடுபிடியானவர். கடைசி டிஃபெண்டருக்கும் முன்வரிசை ஆளுக்கும் இடையே சுமார் 25 மீட்டருக்கு மேல் இடைவெளி விழக்கூடாது என்பது அவர் கணக்கு. பந்தே இல்லாமல், 'பந்து இங்கே இருக்கிறது, இப்போது அங்கே போகிறது' என்று கற்பனை செய்தபடி பதினோரு பேரும் சேர்ந்து நகரும் பயிற்சியைக் கொடுத்தார். பார்த்தவர்கள் சிரித்திருக்கலாம். ஆனால், அந்த மிலான் அணி 1989, 1990 என அடுத்தடுத்து இரண்டு முறை ஐரோப்பியக் கோப்பையை வென்றது.

ஆக, பாய்வது ஒருவரின் கால். பாய்வதற்கான அனுமதி, பின்னால் நிற்கும் ஒன்பது பேர் கையில் இருக்கிறது.

கபடி தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல

கபடி பார்ப்பவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. ரைடர் கோட்டைத் தாண்டி உள்ளே வருகிறார். எதிரில் ஏழு பேர். ஏழு பேரும் ஒரே நேரத்தில் அவர் மேல் விழுந்தால் கதை முடிந்தது. ஆனால், யாரும் அப்படி விழுவதில்லை. பின்வாங்குகிறார்கள், கைகோத்து நகர்கிறார்கள், அவரை மூலைக்கு வரவிடுகிறார்கள்.

அவர் கால் நீட்டும் அந்த ஒரு கணம், உடல் எடை முழுவதும் ஒரு பக்கம் சாயும் கணம், கார்னரில் நிற்பவர் கணுக்காலைப் பிடிக்கிறார். பிடித்த அதே நொடியில் மற்றவர்கள் வந்து விழுகிறார்கள். கார்னர் ஆள் அரை நொடி முந்தினால் ரைடருக்குப் புள்ளி. அவர் சரியான நேரத்தில் பிடித்தும் மற்றவர்கள் அரை நொடி பிந்தினால், அப்போதும் ரைடருக்குத்தான் புள்ளி.

வள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்திருக்கிறார். அரசனுக்குச் சொன்னது. கால்பந்து டிஃபெண்டருக்கும் அப்படியே பொருந்தும். துணைக்கு யார் இருக்கிறார்கள், நேரம் சரியா, இடம் சரியா? மூன்றுக்கும் 'ஆமாம்' என்றால் பாயலாம். ஒன்று தவறினாலும் பொறுக்கணும்.

ஆட்களை எண்ணிய இளைஞர்

இந்தக் கலையில் மேற்கு ஐரோப்பாவை முந்திக்கொண்டது உக்ரைனின் டைனமோ கீவ். அந்த அணியின் பயிற்சியாளராக 1964-ல் வந்த விக்டர் மஸ்லோவ், ஒழுங்கான பிரஸ்ஸிங்கின் முன்னோடிகளில் ஒருவர் என்று கால்பந்து வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். 1966, 1967, 1968 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து சோவியத் லீக் கோப்பையை வென்றது அவரது அணி. அவருக்குப் பின் வலேரி லோபனோவ்ஸ்கி அதை இன்னும் கூர்மையாக்கினார்.

1980-களில் அந்த டைனமோ கீவ், குளிர்காலப் பயிற்சிக்காக ஜெர்மனிக்குப் போயிருந்தது. அங்கே உள்ளூர் அணி ஒன்றோடு ஒரு நட்பு ஆட்டம். விக்டோரியா பாக்னாங் என்ற அந்தச் சின்ன அணியில் ஆடிக்கொண்டே பயிற்சியும் கொடுத்துவந்த இளைஞர் ரால்ஃப் ராங்க்னிக். ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களிலேயே அவருக்குக் குழப்பம். பந்து யாரிடம் போனாலும், எங்கே போனாலும், அங்கே கீவ் வீரர்கள் இரண்டு மூன்று பேர் நிற்கிறார்கள். பந்து வெளியே போனதும் அவர் நின்று எதிரணி ஆட்களை எண்ணிப் பார்த்தாராம். பதின்மூன்றோ பதினான்கோ பேர் ஆடுகிறார்களோ என்று சந்தேகம்! எண்ணினால் பதினோரு பேர்தான்.

அந்த ஆட்டம் அவரது வாழ்க்கையின் திசையையே மாற்றியது. 1998-ல் ஜெர்மன் டிவி நிகழ்ச்சி ஒன்றில், பலகையில் காந்த வில்லைகளை நகர்த்தி இந்தத் தடுப்பாட்டத்தை அவர் விளக்கியபோது, 'புரொஃபசர்' என்று கிண்டல் செய்தார்கள். பின்னாளில் ஜெர்மனியின் ஒரு தலைமுறைப் பயிற்சியாளர்களே அவர் வழியில் வந்தார்கள். ஆண்டி ராபர்ட்சனை ஆட வைத்த யூர்கன் கிளாப்பும் பிரஸ்ஸிங்கையே தன் அடையாளமாக்கிக்கொண்ட ஜெர்மானியர்தான்.

ராங்க்னிக் அன்று எண்ணியதில்தான் விஷயமே இருக்கிறது. கீவ் வீரர்கள் அதிகம் ஓடியதால் மட்டும் பதினான்கு பேராகத் தெரியவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடியதால் அப்படித் தெரிந்தார்கள். ஒரே நேரத்தில் ஓடணும் என்றால், 'இப்போது' என்று எல்லோருக்கும் ஒரே மாதிரி தெரியணும். விசில் அடிக்க ஆளில்லை. ஆட்டமே தரும் சில சிக்னல்கள்தான் அந்த விசில்.

அந்த சிக்னல்கள் என்னென்ன?

முதல் சிக்னல், சறுக்கிய முதல் தொடுதல். பாஸை வாங்குபவரின் காலில் பந்து ஒட்டாமல் ஒரு மீட்டர் தள்ளிப் போகிறது. அதை மறுபடி எட்டிப் பிடிக்கும்வரை அவரால் பாஸ் கொடுக்க முடியாது, திரும்ப முடியாது, ஏமாற்றவும் முடியாது. அந்த ஒரு நொடி டிஃபெண்டருக்குச் சொந்தம்.

இரண்டாவது, முதுகு. தன் கோலைப் பார்த்தபடி, நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவர் பந்து வாங்கினால், அவருக்குப் பின்னால் நடப்பது தெரியாது. 2014 உலகக் கோப்பை அரையிறுதி நினைவிருக்கும். பிரேசிலை அதன் சொந்த மண்ணில் ஜெர்மனி 7-1 என்று நொறுக்கிய ஆட்டம். மூன்றாவது கோல் வாங்கிய அதிர்ச்சியில், நடுமைதானத்திலிருந்து பிரேசில் மறுபடி ஆட்டத்தைத் தொடங்குகிறது. பந்து ஃபெர்னாண்டினோவிடம் வருகிறது. பின்பக்கம் யார் வருகிறார்கள் என்று அவர் பார்க்கவில்லை. டோனி க்ரூஸ் வந்தார். பந்தைக் கொத்தினார். கெதிராவுக்குக் கொடுத்து, திருப்பி வாங்கி, கோலுக்குள் தள்ளினார். அடுத்தடுத்த இரு கோல்களும் அவருடையவை. இரண்டுக்கும் இடையே இரண்டு நிமிடம்தான். பல நிமிடம் துரத்திக் கிடைக்காதது, சரியான அந்த நான்கைந்து அடிகளில் கிடைத்தது.

மூன்றாவது, குனிந்த தலை. பந்தையே பார்த்துக்கொண்டிருப்பவருக்குத் தன் அணி ஆட்கள் எங்கே என்று தெரியாது. தலை நிமிர்ந்துவிட்டால் நிலைமை மாறிவிடும். பாஸ் கொடுக்கத் தயாராக நிமிர்ந்து நிற்பவர் மேல் பாய்வது, கதவு சாத்திய பிறகு ஓடுவது மாதிரி.

நான்காவது, தரையில் இல்லாத பந்து. துள்ளிக்கொண்டோ, இடுப்பு உயரத்திலோ வரும் பந்தை அடக்க எப்படியும் இரண்டு தொடுதல் வேண்டும்.

ஐந்தாவது, ஓரக்கோடு. நடுமைதானத்தில் இருப்பவருக்கு எல்லாப் பக்கமும் வழி. ஓரத்தில் இருப்பவருக்கு ஒரு பக்கம் அடைப்பு. அந்தக் கோடு எந்தத் தவறும் செய்யாத, சம்பளம் கேட்காத இன்னொரு டிஃபெண்டர். அதனால்தான் நல்ல அணிகள், எதிரணியின் நடுப்பகுதியை அடைத்து வைத்துவிட்டு, ஓரத்தில் இருப்பவருக்குப் பந்து போகும் வரை வேண்டுமென்றே காத்திருக்கின்றன. போன மறுநொடி, மூன்று பேர் சூழ்ந்துவிடுவார்கள்.

ஆறாவது, பின்னோக்கிய மெதுவான பாஸ். இதன் மதிப்பு 1992-ல் கூடியது. அதுவரை, சொந்த அணி வீரர் காலால் பின்னால் தட்டும் பந்தை கோல்கீப்பர் கையில் எடுத்துக்கொள்ளலாம். ஓடி வந்தவர் ஏமாந்து நிற்கணும். 1992-ல் அந்த விதி மாறியது. அதன்பின் கோல்கீப்பரும் காலால் ஆடித்தான் ஆகணும். 2019-ல் இன்னொரு மாற்றம். கோல் கிக்கை பெனால்டி பகுதிக்குள்ளேயே சொந்த டிஃபெண்டர் வாங்கிக்கொள்ளலாம் என்றானது. விளைவு, கோலுக்குப் பக்கத்திலேயே குட்டிக் குட்டிப் பாஸ்களாக ஆட்டத்தைத் தொடங்குகிறார்கள் பெரிய அணிகள். பொறுமையாகக் காத்திருப்பவர்களுக்கு அங்கேயே வேட்டை.

ஏழாவது, பந்தை இழந்த அந்தக் கணம். இது கிளாப் போன்றவர்களின் தனிச்சிறப்பு. பந்தைப் பறித்தவர் பறிக்கும் முயற்சியில் மூச்சிரைத்திருப்பார். கண் பந்தின் மேல் இருக்கும். சுற்றிலும் யார் எங்கே என்று அவர் இன்னும் பார்த்திருக்க மாட்டார். அவரது அணியும் பரவி நிற்கத் தொடங்கியிருக்காது. அந்தச் சில நொடிகளுக்குள் திருப்பிப் பறித்துவிடணும். ராங்க்னிக் இதற்கு எட்டு நொடி என்று கெடு வைத்தார். முடியவில்லையென்றால் துரத்துவதை விட்டுவிட்டுப் பின்னால் வந்து, அணியாகத் திரண்டு நிற்கணும். கெடு வைப்பதன் அர்த்தமே அதுதான். எப்போது ஆரம்பிப்பது என்பதைப் போலவே எப்போது நிறுத்துவது என்பதும் தெரியணும்.

எப்படிப் போவது?

சிக்னல் கிடைத்தாயிற்று. இனி எப்படி ஓடுவது? நேர்க்கோட்டில் அல்ல, வில் போல வளைந்து. எதிராளி பந்து கொடுக்க விரும்பும் ஆள் நம் முதுகுக்குப் பின்னால் மறைந்துபோகிற மாதிரி வளைந்து போகணும். ஒரே ஓட்டத்தில் இரண்டு பேரைத் தடுத்த மாதிரி ஆகிறது.

பந்து போய்க்கொண்டிருக்கும்போது வேகமாக ஓடணும். அது அவர் காலில் விழும் நேரத்தில் நாமும் அங்கே இருக்கணும். கடைசி இரண்டு மூன்று அடிகளில் வேகத்தைக் குறைத்து, குட்டி அடிகளாக வைத்து, முழங்காலை மடக்கி, பக்கவாட்டில் திரும்பி நிற்கணும். முழு வேகத்தில் போய் நேராக மோதுபவரைத் தாண்டுவதுதான் உலகத்திலேயே சுலபம். லேசாக ஒரு தட்டு, அவ்வளவுதான்.

எல்லாவற்றையும்விட முக்கியம், போனவர் தனியாகப் போகக்கூடாது. பந்தைத் தொடாவிட்டாலும் பரவாயில்லை. அவர் எதிராளியைத் தலை குனிய வைத்தாலே போதும். அவசரத்தில் விடும் அடுத்த பாஸை இரண்டாவது ஆள் எடுத்துவிடுவார்.

எப்போது போகக்கூடாது?

இதுதான் கடினமான பகுதி. ஏனென்றால், இதற்கு யாரும் கைதட்ட மாட்டார்கள்.

நமக்குப் பின்னால் கோல்கீப்பர் மட்டும் இருந்தால் போகக்கூடாது. எதிரில் இரண்டு பேர் வர, நாம் ஒற்றை ஆளாக இருந்தால் போகக்கூடாது. அந்த நேரத்தில் டிஃபெண்டரின் வேலை பந்தைப் பறிப்பதல்ல, நேரத்தைப் பறிப்பது. பின்னோக்கி நகர்ந்து, எதிராளியை ஓரத்துக்கோ அவருக்கு வராத காலுக்கோ தள்ளி, மூன்று நொடி இழுத்தால் போதும். அதற்குள் துணைக்கு இரண்டு பேர் வந்துவிடுவார்கள். ஒரு தவறான பாய்ச்சல் அந்த மூன்று நொடியையும் எதிரணிக்குத் தானம் செய்துவிடும்.

பிரஸ்ஸிங்குக்கு விலையும் உண்டு. முன்னால் போய் நெருக்கும் அணிக்குப் பின்னால் பெரிய வெற்றிடம் இருக்கும். 2014 உலகக் கோப்பையில் அல்ஜீரியாவுக்கு எதிரான ஆட்டத்தில், ஜெர்மனியின் டிஃபெண்டர்களுக்குப் பின்னால் பந்து விழுந்துகொண்டே இருந்தது. கோல்கீப்பர் மானுவல் நோயர் தன் பெனால்டி பகுதியைத் தாண்டி ஓடிவந்து ஓடிவந்து காப்பாற்றினார். கூடுதல் நேரத்தில் 2-1 என்று ஜெர்மனி தப்பியது. எல்லா அணிக்கும் ஒரு நோயர் கிடைப்பாரா?

கிளாப்பின் லிவர்பூலுக்கே ஒருநாள் கிடைக்கவில்லை. 2020 அக்டோபர் 4. முந்தைய சீசனின் பிரீமியர் லீக் சாம்பியன் லிவர்பூல், ஆஸ்டன் வில்லாவிடம் 7-2 என்று தோற்றது. ஆலி வாட்கின்ஸ் முதல் பாதியிலேயே மூன்று கோல் அடித்தார். முன்வரிசையின் நெருக்குதல் அரை மனதோடு இருந்தது. பின்வரிசை மட்டும் வழக்கம்போல மேலேறி நின்றது. நடுவில் இருந்த இடைவெளி வழியாக வில்லா வண்டி வண்டியாகக் கோல் அள்ளியது. அன்றும் இடது பக்கம் ஆடியவர் அதே ராபர்ட்சன்தான். அதே ஆள், அதே அணி, அதே பாணி. எல்லோரும் சேர்ந்து போனால் வித்தை. பாதிப் பேர் போனால் விபத்து.

ராபர்ட்சன் ஏன் ஓடினார்?

இப்போது அந்த 2018 ஓட்டத்துக்கு வருவோம். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துப் பையன் ராபர்ட்சன். சிறு வயதிலிருந்து ஆடிய செல்டிக் அணி, உடல்வாகு போதாது என்று 15 வயதில் அவரை வெளியே அனுப்பியது. 2012-ல் சம்பளமே இல்லாத அமெச்சூர் அணியான குயின்ஸ் பார்க்கில் ஆடிக்கொண்டே, ஹாம்ப்டன் பார்க் மைதானத்தில் டிக்கெட் கேட்டு வரும் போன்களுக்குப் பதில் சொல்லும் வேலை பார்த்தார். கையில் காசில்லாத இந்த வயசு ரொம்பக் கொடுமை என்று அப்போது ட்விட்டரில் புலம்பியிருக்கிறார். அங்கிருந்து டண்டீ யுனைடெட், ஹல் சிட்டி. 2017 ஜூலையில் லிவர்பூல்.

வந்ததும் வாய்ப்பு கிடைக்கவில்லை. பல மாதங்கள் பெரும்பாலும் வெளியே உட்கார்ந்திருந்தார். டிசம்பரில் ஆல்பர்டோ மொரேனோ காயமடைந்த பிறகுதான் இடம் கிடைத்தது. சிட்டி ஆட்டம் அதற்கு அடுத்த மாதம். மொரேனோ குணமாகித் திரும்பினால் இடம் இருக்குமா, போகுமா என்று தெரியாத நிலைமையில் ஓடிய ஓட்டம் அது.

அந்த ஓட்டத்தை நிதானமாகப் பார்த்தால், அது கண்மூடித்தனமானது இல்லை என்பது தெரியும். அணி மூன்று கோல் முன்னால் இருக்கிறது. பந்து ஒவ்வொரு முறையும் பின்னோக்கித்தான் போகிறது. ஒவ்வொரு பின்னோக்கிய பாஸும் ஒரு சிக்னல். கடைசியில், பந்து தன்னைத் தாண்டிப் போய்விடும் நிலையில் நடந்த ஃபவுல்கூட எதிரணியின் கோலுக்குப் பக்கத்தில். அங்கே கொடுக்கும் ஃப்ரீ கிக்கால் பெரிய ஆபத்தில்லை. இதையே 0-0 என்று இருக்கும் ஆட்டத்தில், தன் பெனால்டி பகுதிக்குப் பக்கத்தில், கடைசி ஆளாக நின்றுகொண்டு செய்திருந்தால்? அந்த வீடியோவை வேறு காரணத்துக்காகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அன்று அரங்கம் அதிர்ந்தது ஓட்டத்துக்கு. ஆனால், ராபர்ட்சன் அணியில் நிலைத்தது அவர் ஓடாமல் நின்ற நேரங்களால்தான். 2019-ல் சாம்பியன்ஸ் லீக், அடுத்த ஆண்டு பிரீமியர் லீக் என்று அவர் வென்ற கோப்பைகளுக்குப் பின்னால், யாரும் வீடியோ எடுத்துப் பகிராத ஆயிரக்கணக்கான பின்னோக்கிய அடிகள் இருக்கின்றன.

நம் பிள்ளைகளுக்கு...

இதெல்லாம் வெளிநாட்டு அணிகளின் சமாசாரம் என்று தள்ளிவிட முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் ஊர்ப் பள்ளி மைதானங்களில் இதே ஆட்டம்தான் நடக்கிறது. கோட்டுக்கு வெளியே அப்பாக்கள், அம்மாக்கள், சித்தப்பாக்கள். எதிரணிப் பையன் பந்தோடு வருகிறான். நம் பையன் அவனுக்கு இரண்டு அடி தள்ளி, முழங்காலை மடக்கி, பின்னால் நகர்ந்துகொண்டே இருக்கிறான். உடனே வெளியிலிருந்து குரல் வெடிக்கும்.

"டேய், என்னடா நின்னு வேடிக்கை பாக்குற? போய்ப் பிடிடா!"

பெண் பிள்ளைகள் ஆட்டமென்றாலும் இதேதான். "பயப்படாதம்மா, போ! போய் எடு!"

பயத்தில் நிற்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். அந்தப் பிள்ளையோ கோச் சொல்லிக்கொடுத்ததைச் சரியாகச் செய்துகொண்டிருக்கும். துணைக்கு ஆள் வரும்வரை எதிராளியை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் அப்பாவின் குரலா, கோச்சின் பாடமா என்று முடிவெடுக்க ஒரு பன்னிரண்டு வயதுக்கு இருப்பது அரை நொடி. பெரும்பாலும் அப்பாவின் குரல்தான் ஜெயிக்கும். பிள்ளை பாயும். எதிராளி லேசாக ஒரு தட்டு தட்டித் தாண்டிப் போவான். கோல். வீடு திரும்பும்போது பைக்கில் பின்னால் உட்கார்ந்து திட்டும் வாங்கிக்கொள்ளும்.

இதில் போவது ஒரு கோல் மட்டுமல்ல. 'பொறுத்து நின்றால் கோழை, பாய்ந்தால் வீரன்' என்று ஒரு பிள்ளை மனதில் பதிந்துவிட்டால், பிறகு எந்தக் கோச் வந்தும் அழிப்பது கஷ்டம். மாறாக, தானே பார்த்து, தானே முடிவெடுத்து, தவறினாலும் ஏன் தவறியது என்று யோசிக்கப் பழகிய பிள்ளை, பதினெட்டு வயதில் வேறு மாதிரி ஆளாக நிற்கும்.

அதற்காக வெளியே நிற்பவர்கள் வாயை மூடிக்கொள்ளணும் என்றில்லை. கொஞ்சம் மாற்றிப் பார்க்கலாம். பந்தை விட்டுவிட்டு, பந்து வாங்கப்போகிறவரைப் பாருங்கள். தலை குனிந்திருக்கிறதா, முதுகு காட்டுகிறாரா, முதல் தொடுதல் தள்ளிப்போகிறதா, கோட்டோரம் மாட்டிக்கொண்டாரா? நம் பிள்ளைக்குப் பின்னால் துணைக்கு ஆள் இருக்கிறார்களா? இவ்வளவையும் இரண்டு ஆட்டம் பார்த்துப் பழகிவிட்டால், 'போய்ப் பிடி' என்று கத்தத் தோன்றும் பல நேரங்களில் 'பொறு' என்றுதான் வாயில் வரும். உண்மையிலேயே பாய வேண்டிய நேரத்தில் கத்துவதற்கு அவசியமே இருக்காது. பிள்ளை ஏற்கெனவே போயிருக்கும்.

ஒருநாள் நடக்கும். நம் பிள்ளை மூன்றடி, நான்கடி பின்வாங்கும். எதிராளி எங்கே போவது என்று தெரியாமல் ஓரமாகவே போவான். துணைக்கு இன்னொருவன் வந்துவிடுவான். வேறு வழியில்லாமல் எதிராளி பந்தைத் தானே வெளியே தட்டிவிடுவான். கோல் இல்லை, டாக்கிள் இல்லை, பார்க்க ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும்.

கைதட்டுங்கள். அன்றைய ஆட்டத்தின் மிக நல்ல தடுப்பு அதுதான்.